குருதி தரும் எச்சரிக்கை

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் வளரும் இடரை முன்கூட்டியே அறிய மனிதன் எக்காலத்தும் குறிகளை நாடி வந்திருக்கிறான். மேகத்தைக் கண்டு மழையையும் நாடியைத் தொட்டு நோயையும் அறிய முயன்றான். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவில் அத்தகைய குறிகளுள் பல ஒருதுளிக் குருதியில் அளக்கப்படுகின்றன. அந்த அளவுகள் எதைக் கூறுகின்றன, எதைக் கூறுவதில்லை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சுரங்கமும் உடலும்

கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கப்படுகிறது. அங்குள்ள சுரங்கத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் தேங்கியுள்ளது. மேலுள்ள மண்ணை அகற்றியதும் அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடக்கூடும். அதனைத் தடுப்பதற்காக இராட்சதக் குழாய்க் கிணறுகள் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. நீரின் அழுத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்பதைக் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம் காட்டுகிறது. தரை வறண்டு அமைதியாகத் தோன்றும்போதும் அடியில் நிகழ்வதை அந்த மட்டமே அறிவிக்கிறது. மட்டத்தை அளப்பதால் மட்டும் வெள்ளம் நின்றுவிடாது. எப்போது, எவ்வளவு இறைக்க வேண்டும் என்பதை அறிய அளவு உதவுகிறது. இறைப்பதே சுரங்கத்தைக் காக்கிறது.

கடுமையாக நோயுற்ற உடலும் இத்தகையதே. வெளித்தோற்றத்தில் நோயாளி அமைதியாகப் படுத்திருக்கலாம்; பேசவும் செய்யலாம். அதே வேளையில் சிறுநீரகமும் கல்லீரலும் நுரையீரலும் தளரத் தொடங்கியிருக்கலாம். அத்தளர்ச்சியின் தடயத்தைக் குருதியில் தேடுகிறது இன்றைய மருத்துவம். உடலின் நிலையைப் புலப்படுத்தும் இத்தகைய அளவிடத்தக்க பொருள்களை ‘உயிர்க்குறிப்பான்கள்’ என்பர்.

தீக்குப் பின்வரும் நாள்கள்

2020ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று காலை, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நேர்ந்தது. ஆறு தொழிலாளர்கள் அன்றே உயிரிழந்தனர். தீக்காயமுற்ற பலர், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குச் சிகிச்சைக்காகக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்தடுத்த நாள்களில் அவர்களுள்ளும் சிலர் இறந்த செய்தி நகரியத்தை வந்தடைந்தது. அவ்வாண்டு மே மாதத்திலும் அதே நிலையத்தில் நிகழ்ந்த கொதிகலன் விபத்து உயிர்களைப் பறித்திருந்தது.

தீயிலிருந்து மீட்கப்பட்டு மருத்துவமனையை அடைந்தவர், பல நாள்கள் கழித்து ஏன் உயிரிழக்க நேர்கிறது? தனி ஒருவரின் உடலில் நிகழ்ந்தது அவருடைய மருத்துவக் குறிப்புகளுக்கு உரியது. எனினும் பெருந்தீக்காயத்தில் பொதுவாக நிகழ்வதை மருத்துவ அறிவியல் தெளிவாக அறிந்துள்ளது. முதல் ஓரிரு நாள்களில், குருதித் தந்துகிகளின் சுவர்கள் கசிந்து, குருதியிலுள்ள நீர்மம் திசுக்களுக்குள் வெளியேறுகிறது. குருதியோட்டம் குன்றி உறுப்புகள் வாடுகின்றன. இதற்கு ‘அதிர்ச்சி நிலை’ என்று பெயர். இக்கட்டத்தைக் கடந்தவருக்கு அடுத்த இடர் காத்திருக்கிறது. தோல் என்னும் அரண் எரிந்துபோனமையால் நுண்ணுயிர்கள் உடலுக்குள் எளிதில் நுழைகின்றன. அத்தொற்றை எதிர்க்கப் புறப்படும் உடலின் எதிர்வினை, கட்டுமீறித் தன் உறுப்புகளையே சிதைக்கும் நிலை ‘செப்சிஸ்’ எனப்படுகிறது.

செப்சிஸ் தீக்காயத்திற்கு மட்டும் உரியதன்று. நிமோனியா, சிறுநீர்த்தொற்று, குடற்புண் வெடிப்பு, மகப்பேற்றுக்குப் பின்வரும் தொற்று என எதிலிருந்தும் அது கிளைக்கலாம். அதன் தொடக்கத்தை வெறுங்கண்ணால் அறிவது அரிது. எனவேதான் குருதியின் சான்று தேவைப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

2017ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4.89 கோடிப் பேர் செப்சிஸுக்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 1.1 கோடி இறப்புகள் அதனோடு தொடர்புடையவை என்றும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அவ்வாண்டில் நேர்ந்த இறப்புகளில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும்.

குறிகாணும் மரபு

நோயாளி பிழைப்பாரா என்னும் வினா மருத்துவத்தைப் போலவே பழைமையானது. சித்த மருத்துவம் நோயறிய எண்வகைத் தேர்வுகளை வகுத்தது. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்பன அவை. சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பரவும் வடிவத்தைக் கொண்டு நோயின் தன்மையையும் அது தீருமா, தீராதா என்பதையும் கணிக்கும் ‘நெய்க்குறி’ முறை தேரையர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. உடலிலிருந்து வெளிப்படும் ஒரு நீர்மத்தைக் கொண்டு உள்ளே நிகழ்வதை உணர முடியும் என்னும் எண்ணம் அங்கேயே தோன்றிவிட்டது.

குருதியில் அத்தகைய குறியைத் தேடும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு புது வழியைக் கண்டது. அதன் முன்கதை புளித்த பாலில் தொடங்குகிறது. 1780இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1843இல் ஜெர்மானிய மருத்துவர் ஜோகன் ஜோசப் ஷெரர், மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த பெண்களின் குருதியில் அதே அமிலத்தைக் கண்டார். பாலைப் புளிக்கச் செய்யும் பொருளுக்குச் சாவின் விளிம்பில் நிற்கும் உடலில் என்ன வேலை? இவ்வினாவுக்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

லாக்டேட் கூறும் செய்தி

உயிரணுக்கள் குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றலைப் பெறுகின்றன. அதன் முதற்கட்டத்தில் பைருவேட் உருவாகிறது. ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்போது பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று முழுமையாக எரிந்து மிகுந்த ஆற்றலைத் தருகிறது. ஆக்சிஜன் குன்றினால் பைருவேட்டின் பெரும்பகுதி லாக்டேட்டாக மாறுகிறது. விரைந்து ஓடும் விளையாட்டு வீரரின் குருதியிலும் லாக்டேட் உயர்கிறது; அவர் ஓய்ந்து அமர்ந்தபின் கல்லீரல் முதலிய உறுப்புகள் அதனை மீண்டும் பயன்படுத்திக்கொள்வதால் அளவு இறங்கிவிடுகிறது. படுக்கையில் அசையாது கிடக்கும் நோயாளியின் லாக்டேட் உயர்வதும், உயர்ந்தது இறங்காமலிருப்பதும் வேறு பொருளுடையவை. உறுப்புகளுக்குக் குருதி போதவில்லை என்பதையோ, கல்லீரல் தன் பணியில் தளர்ந்துவிட்டது என்பதையோ, உடல் கடும் நெருக்கடியில் அட்ரினலினைச் சுரந்துகொண்டிருக்கிறது என்பதையோ அது சுட்டலாம்.

நலமுடையவர் ஓய்வாக இருக்கையில் ஒரு லிட்டர் குருதியில் லாக்டேட் 2 மில்லிமோலுக்குக் குறைவாகவே இருக்கும். 1964இல் பிராடர், வெய்ல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், அதிர்ச்சி நிலையிலுள்ள நோயாளிகளிடம் மிகை லாக்டேட் கூடக்கூட இறப்பும் கூடுவதை எடுத்துக்காட்டினர். 2016இல் பன்னாட்டு வல்லுநர் குழு செப்சிஸ் அதிர்ச்சிக்குப் புதிய வரையறை தந்தபோது, லாக்டேட்டை அதன் ஓர் உறுப்பாகவே சேர்த்தது. போதிய நீர்மம் ஏற்றிய பின்னரும், குருதியழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2 மில்லிமோலுக்கு மேல் இருக்குமாயின், அத்தகைய நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலேயே இறக்கின்றனர் என்று அக்குழு கணக்கிட்டது.

லாக்டேட்டை ஒருமுறை அளப்பதைவிடச் சில மணி நேர இடைவெளியில் மீண்டும் அளப்பது பயன் மிக்கது. 6 என்று தொடங்கி 3 என்று இறங்கும் நோயாளியும், 3 என்று தொடங்கி 6 என்று ஏறும் நோயாளியும் ஒரே நிலையில் இல்லை. சுரங்கத்தின் நீர்மட்டத்தைப் போலவே இங்கும் அளவைக் காட்டிலும் அளவு செல்லும் திசை முதன்மை பெறுகிறது.

குருதியை எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை. எனவே, அவை குழாயில் அடைபட்ட பின்னும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். எடுத்த குருதியை ஆய்வகத்திற்கு அனுப்பக் காலம் தாழ்த்தினால், நோயாளியிடம் இல்லாத உயர்வு குழாயில் தோன்றிவிடும். உடனே அளத்தல், அல்லது பனிக்கட்டியில் வைத்து அனுப்புதல் என்னும் எளிய ஒழுங்கு இங்கே ஓர் உயிரின் கணிப்பைக் காக்கிறது.

பல குறிகள், ஒரு மதிப்பெண்

ஒற்றைக் குறிப்பான் முழுக்கதையையும் கூறிவிடாது. சிறுநீரகம் தளர்ந்தால் கிரியாட்டினின் உயர்கிறது. கல்லீரல் தளர்ந்தால் பிலிரூபின் உயர்கிறது. குருதி உறையும் ஒழுங்கு குலைந்தால் தட்டணுக்கள் குறைகின்றன. நுரையீரல் தளர்ந்தால் தமனிக் குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. இந்நான்கோடு குருதியழுத்தத்தையும் நினைவுநிலையையும் சேர்த்து, ஆறு உறுப்பு மண்டலங்களுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தரும் முறை 1996இல் வெளியிடப்பட்டது. மருத்துவர்கள் இதனைச் ‘சோஃபா மதிப்பெண்’ எனச் சுருக்கமாக வழங்குகின்றனர். இதன் உச்ச அளவு 24. தொற்றுள்ள ஒருவரிடம் இம்மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் கூடுமாயின் அவருக்குச் செப்சிஸ் ஏற்பட்டுள்ளதெனக் கொள்ள வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் வரையறை. இதற்கு முன்னரே, 1985இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் நாஸ் குழுவினர் ‘அப்பாச்சி 2’ என்னும் முறையை வகுத்தனர். உடலியல் அளவுகள் பன்னிரண்டோடு வயதையும் நாட்பட்ட நோய்களையும் சேர்த்து அது கணக்கிடுகிறது.

அழற்சியைக் காட்டும் குறிப்பான்களும் உள்ளன. 1930இல் நிமோனியா நோயாளிகளின் குருதியில் கண்டறியப்பட்ட சி-எதிர்வினைப் புரதம் அவற்றுள் மூத்தது. பாக்டீரியத் தொற்றில் புரோகால்சிட்டோனின் உயர்வதை 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். இவற்றைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் தேவை. பெருந்தீக்காயம், தொற்று ஏதும் இல்லாதபோதும், இவ்விரண்டையும் உயர்த்திவிடக்கூடும். முதல்நாள் அளவை மட்டும் கண்டு தொற்று என்று முடிவு கட்டுவது பிழையாகும். இறங்கிக்கொண்டிருந்த அளவு மீண்டும் ஏறும்போது மருத்துவர் விழிப்படைகிறார்.

கூட்டத்தின் கணக்கும் ஒருவரின் வாழ்வும்

“இவ்வளவு உயர்ந்துவிட்டதே, இனிப் பிழைப்பாரா?” என்பதே தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் உறவினரின் வினா. குறிப்பான்களின் எல்லையை உணர்த்தும் இடம் இதுவே.

ஓர் எளிய கணக்கைக் கற்பனையாகக் கொள்வோம். தீவிர சிகிச்சையில் 100 நோயாளிகள் உள்ளனர். அவர்களுள் 20 பேர் இறக்கவும் 80 பேர் பிழைக்கவும் போகின்றனர் என வைத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பான், இறக்கவிருப்போரில் நூற்றுக்கு எண்பது பேரையும், பிழைக்கவிருப்போரில் நூற்றுக்கு எண்பது பேரையும் சரியாகக் காட்டும் திறனுடையது. அவ்வாறாயின் இறக்கவிருக்கும் 20 பேரில் 16 பேருக்கு அது அபாயம் என்று கூறும். பிழைக்கவிருக்கும் 80 பேரிலும் 16 பேருக்குத் தவறாக அபாயம் என்றே கூறும். ஆக, அபாயக் குறி பெற்ற 32 பேரில் சரிபாதியினர் பிழைத்து வீடு திரும்புவர். குறி பெறாத 68 பேரிலும் 4 பேர் இறப்பர். எண்பது விழுக்காடு திறன் என்பது கேட்பதற்குப் பெரிதாக இருக்கலாம். அபாயக் குறி பெற்ற ஒருவரைப் பொறுத்தவரை அது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகவே அமைந்துவிடுகிறது.

குறிப்பான் ஒரு கூட்டத்தின் நிகழ்தகவையே கூறுகிறது. நூற்றுக்கு நாற்பது பேர் இறப்பர் என்னும் கூற்றுக்குள் அறுபது பேர் பிழைப்பர் என்னும் கூற்றும் அடங்கியுள்ளது. எதிரே படுத்திருப்பவர் அந்த நாற்பதில் ஒருவரா, அறுபதில் ஒருவரா என்பதை அந்த எண் அறியாது. இதனை மறந்து எண்ணைத் தீர்ப்பாகக் கருதினால் பெருந்தீங்கு விளையும். பிழைக்கமாட்டார் என்று முடிவு செய்து சிகிச்சையைத் தளர்த்தினால் நோயாளி இறந்துவிடுவார். கணிப்பு சரியாகிவிட்டதாகத் தோன்றும். கணிப்பே தன்னை மெய்யாக்கிக்கொள்ளும் இந்தச் சுழல், எண்களின் மீது கொள்ளும் மிகை நம்பிக்கையால் விளைவது.

மண்ணுக்கேற்ற அளவுகோல்

அப்பாச்சி போன்ற முறைகள் அயல்நாட்டு மருத்துவமனைகளின் நோயாளிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. இந்தியாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மலேரியா, டெங்கு, உண்ணிக் காய்ச்சல், பாம்புக்கடி போன்றவற்றால் நலிந்தோரும் இடம்பெறுகின்றனர். வயல்வெளியிலிருந்தும் சிற்றூரிலிருந்தும் பல மருத்துவமனைகளைக் கடந்து, காலம் தாழ்ந்து வந்துசேர்வோரும் உண்டு. ஓரிடத்தில் செய்த அளவுகோலை வேறோரிடத்தில் பயன்படுத்துமுன் சரிபார்த்தல் அறிவியலின் கடமை. 2010, 2011ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் 124 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய தரவுகளைத் திரட்டிய ஆய்வு, 2016இல் வெளியானது. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இறந்தனர் என்று அது தெரிவித்தது. நம் நாட்டுக்குரிய அளவுகோலைச் செம்மைப்படுத்த இத்தகைய தரவுகளே அடித்தளமாகும்.

குறியும் மருந்தும்

கோவிட் பெருந்தொற்றின்போது டி-டைமர், ஃபெரிட்டின் போன்ற சொற்கள் தமிழகத்தின் வீடுதோறும் புழங்கின. டி-டைமர், குருதிக்கட்டிகள் கரையும்போது தோன்றும் பொருள். அது மிகுந்தவர்களுக்கு இறப்பு அபாயமும் மிகுந்திருந்தது. ஆயினும் நோய் முற்றித் தீவிர சிகிச்சைக்கு வந்தவர்களுக்குக் குருதி உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்தபோது, உயிர்பிழைப்போர் எண்ணிக்கை கூடவில்லை என 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. மாறாக, விலை மலிந்த டெக்ஸாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதோருக்கோ அதனால் பயன் விளையவில்லை. அபாயத்தைக் காட்டும் பொருள் வேறு. அபாயத்தை விலக்கும் சிகிச்சை வேறு. இரண்டையும் இணைக்கும் பாலம் முறையான ஆய்வு மட்டுமே.

விரல்நுனியில் ஓர் ஆய்வகம்

எல்லா ஊர்களிலும் எல்லா நேரமும் லாக்டேட்டை அளக்கும் வசதி இருப்பதில்லை. அதற்கும் ஒரு வழி தேடப்பட்டது. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் செப்சிஸ் அதிர்ச்சிக்கு ஆளான 424 நோயாளிகளிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வு 2019இல் வெளியானது. அங்கு ஒரு சாராருக்கு லாக்டேட் அளவைக் கொண்டு சிகிச்சை நெறிப்படுத்தப்பட்டது. மறுசாராருக்கு விரல்நுனியை அழுத்தி விட்டபின் செந்நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்பதைக் கொண்டு நெறிப்படுத்தப்பட்டது. மூன்று நொடிக்கு மேல் ஆயின் குருதியோட்டம் போதவில்லை என்று கொள்ளப்பட்டது. 28 நாள்களுக்குள் லாக்டேட் குழுவில் நூற்றுக்கு 43 பேரும் விரல்நுனிக் குழுவில் நூற்றுக்கு 35 பேரும் இறந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கவும் கூடும் என்பதால், விரல்நுனித் தேர்வே மேலானது என்று புள்ளியியல் நெறிப்படி உறுதிகூற இயலவில்லை. எனினும் கருவி ஏதுமற்ற எளிய தேர்வும் நம்பத்தக்க வழிகாட்டியாக அமையும் என்பதை ஆய்வு உணர்த்திற்று. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பழைய கலைக்குப் புதிய அறிவியல் மீண்டும் இடமளித்திருக்கிறது.

எண்ணின் பொருள்

உயிர்க்குறிப்பான் உயரும்போது மருத்துவர் செய்ய வேண்டியவை பல. தொற்றின் ஊற்றைத் தேடுதல், உரிய நோய்க்கொல்லி மருந்தைக் காலந்தாழ்த்தாது தொடங்குதல், நீர்மத்தை அளவறிந்து ஏற்றுதல், தேவைப்படின் உயர்சிகிச்சை மையத்திற்கு விரைந்து அனுப்புதல் ஆகியன அவற்றுள் சில. உறவினரிடம் உண்மையை மறைக்காமலும் நம்பிக்கையைக் குலைக்காமலும் எடுத்துரைப்பதும் அப்பணியின் ஒரு பகுதியே. “நிலைமை கடுமையாக உள்ளது, அடுத்த சில மணி நேரத்தில் இந்த அளவு இறங்குகிறதா என்று பார்க்கிறோம்” என்று கூறுவதில் மெய்ம்மையும் உண்டு, பரிவும் உண்டு. சிகிச்சைக்குப் பின்னும் அளவுகள் இறங்காது, உறுப்புகள் ஒவ்வொன்றாய் ஓயும் நிலை வருமாயின், நோயாளியின் துன்பத்தைக் குறைப்பதே முதற்கடமையாகிறது. அம்முடிவையும் எண் எடுப்பதில்லை. நோயாளியின் விருப்பத்தை அறிந்த உறவினரும் மருத்துவரும் கலந்து பேசியே எடுக்கின்றனர்.

நெய்வேலியின் சுரங்கத்தில் நீர்மட்டம் உயர்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு எவரும் கைகட்டி நிற்பதில்லை. கூடுதல் குழாய்கள் இயங்கத் தொடங்குகின்றன. குருதியின் எச்சரிக்கையையும் அவ்வாறே ஏற்றுச் செயலில் இறங்கும்போதுதான் அந்த எண்ணை அளந்ததற்குப் பயன் விளைகிறது.

கற்பவை கற்றபின்

1. ‘குறிப்பான் நிகழ்தகவைக் கூறுகிறது, தீர்ப்பை அன்று’ - பாடத்தில் உள்ள நூறு நோயாளிகளின் கணக்கைக் கொண்டு இக்கூற்றை விளக்குக.

2. பாடத்தில் கூறப்பட்ட 100 நோயாளிகளில் இறக்கவிருப்போர் 5 பேர் மட்டுமே எனக் கொள்க. குறிப்பானின் திறன் மாறாதிருப்பின், அபாயக் குறி பெறுவோர் எத்தனை பேர்? அவர்களுள் பிழைப்போர் எத்தனை பேர்? கணக்கிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளையும் இக்காலக் குருதித் தேர்வுகளையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.